பதினேழு சென்டிமீட்டர் ஒயர்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ், அசைன்மென்ட், அரிசி தீர்ந்து போனதுன்னு ஆயிரம் காரணம். இன்னிக்கு எழுதப் போறது கொஞ்சம் உறுத்தற விஷயம்.

நான் தோஹாவுல எலெக்ட்ரானிக்ஸ்ல எம்.எஸ். படிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். வியாழன் சாயங்காலம் ஆனா வடக்கே 80 கிலோமீட்டர் தள்ளி ராஸ் லஃபான் பக்கம் ஓடிடுவேன். கேஸைத் திரவமாக்கிக் கப்பல்ல ஏத்தறதுக்காகவே கட்டின ஊர். உள்ளே நுழைய பாஸ் வேணும். நான் போறது அதுக்கு வெளியே, பாலைவனத்துல இருக்கற ஒரு மஸ்ராவுக்கு. அங்கே டிரைவரா இருக்கற ராமநாதபுரத்து அண்ணன் வைக்கிற மீன் குழம்புக்காக.

போன அக்டோபர்ல போனப்போ, குழம்புக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்தது.

"தம்பி, நீ இந்தப் படிப்புதானே படிக்கிறே? அர்பாபோடது. ரிமோட்டை அமுக்கினா கத்த மாட்டேங்குது. நாளைக்கே வேணுங்கறார்."

ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், பிளேயர், 12 வோல்ட் பேட்டரி, ரிமோட். பறவைக் குரல் போடற மெஷின். நமக்கு இது போதாதா? சட்டையை மடிச்சு விட்டுட்டு உக்காந்துட்டேன்.

வியாதி ரெண்டு. முதல்லது, சத்தத்தைக் கூட்டினா மெஷின் தானா அணைஞ்சு திரும்ப எரியுது. மல்டிமீட்டர் வெச்சா 12.6 வோல்ட் காட்டுது. பேட்டரி நல்லா இருக்குன்னு இங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்க. சத்தம் போட விட்டு அளந்தா 9-க்குக் கீழே போயிடுச்சு. வளைகுடா வெயில்ல லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துடும், ஆனா சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். டெர்மினல்ல பூத்திருந்த பச்சையைச் சுரண்டிட்டு வேற பேட்டரி மாட்டினேன்.

ரெண்டாவது, பக்கத்துல நின்னு அமுக்கினா கேக்குது, பத்தடி தள்ளினா மௌனம். ரிமோட் பேட்டரியை மாத்தியும் அதே கதை. பெட்டியைத் திறந்தா, ரிசீவர்ல ஆன்டெனா ஒயர் முறிஞ்சு ஒரு துண்டுதான் நிக்குது. 433 மெகாஹெர்ட்ஸ்னா அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதுல கால்வாசி 17. அளந்து வெட்டிச் சால்டர் வெச்சேன். கேட் வரைக்கும் நடந்து போய் அமுக்கினேன். கத்திச்சு! அண்ணன் எனக்கு ரெண்டு மீன் துண்டு கூடுதலா வெச்சார்.

அன்னிக்கு ராத்திரி டெஸ்டுக்காகக் குதிரைமசால் வயல் ஓரமா ஓடவிட்டோம். மூணு சின்ன ஒலி, திரும்பத் திரும்ப. விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்து டார்ச்சோட போனேன். ஸ்பீக்கர்ல இருந்து ரெண்டடி தூரத்துல ஒரு காடை. அசையாம, சத்தம் வர்ற பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. நூறு கிராம் இருக்குமா? ராத்திரியில கூட்டமா வலசை போற பறவை. தன் இனம் கூப்பிடுதுன்னு நம்பி இறங்கியிருக்கு. நான் ஒட்டின ஒயர்தான் அதை அங்கே நிக்க வெச்சிருக்கு.

எங்க தாத்தா கூண்டுல கௌதாரி வெச்சுக் கண்ணி கட்டுவாராம். அது கத்தினா காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும். இப்படிப் பழக்கின மிருகத்துக்குத் தமிழ்ல 'பார்வை'ன்னே பேரு உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அதெல்லாம் குத்தம். தாத்தா செஞ்சதை நான் நியாயப்படுத்தலை. ஆனா அந்தக் கௌதாரிக்குத் தொண்டை வலிக்கும், தூக்கம் வரும். இந்தப் பெட்டிக்கு ரெண்டும் கிடையாது, அதுவும் நான் ரிப்பேர் பண்ணின பிறகு.

அப்புறமாத்தான் தேடிப் படிச்சேன். கத்தார்ல வேட்டையை ஒழுங்குபடுத்த 2002-லயே 4-ஆம் எண் சட்டம் வந்திருக்கு. வேட்டை சீசனுக்கான உத்தரவுகள்ல இந்த மாதிரி மின்னணுக் குரல் கருவிகளுக்குத் தடை. முதல்ல படிச்சிருக்கணும். மல்டிமீட்டரைத்தான் முதல்ல எடுத்தேன்.

அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் சுலைமானியை ஆத்திக்கிட்டே கேட்டார்: "பிடிச்சா யாரைப் பிடிப்பாங்க தம்பி?"

ராத்திரி பெட்டியைக் கொண்டு போய் வைக்கிறது அவர். அர்பாப் தூங்கிட்டிருப்பார். நான் பதில் சொல்லலை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார். "மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் இருக்கு. முன்ன மாதிரியே ஆக்கிடு. படிச்ச பையனாலயும் முடியலைன்னு சொல்லிக்கறேன். ரெண்டு நாள் திட்டுவார், வாங்கிக்கறேன்."

ஒயரை எடுத்துட்டேன். பழைய பேட்டரியையும் மாட்டினேன். கடைக்காரன் சரி பண்ணிக் கொடுக்க ஒரு வாரம் போதும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அந்த 17 சென்டிமீட்டர் ஒயர் இப்போ என் மேஜை மேல கிடக்கு. நான் செய்யணும்னு நினைச்சுக்கிட்டு மென்னு முழுங்கினதை, வேலை போற பயத்துல இருந்தவர் வாயைத் திறந்து சொன்னார். திட்டும் அவருக்குத்தான். எனக்கு மீன் குழம்பு.