நூலளவும் மலையளவும்

வதோதராவில் ரயில்வே அலுவல் பார்க்கும் நான், விடுமுறை நாளொன்றில் நர்மதைக் கரைக்குச் சென்று வந்தேன். சர்தார் சரோவர் அணைக்கு எதிரே, சாது பேட் என்னும் ஆற்றிடைத் தீவில் வல்லபபாய் படேலின் சிலை நிற்கிறது. பீடம் நீங்கலாகவே 182 மீட்டர் உயரம்! காண்போர் யாவரும் அவ்வுயரத்தை வியக்கின்றனர். அப்பேருருவம் முதலில் மூன்றடிப் பொம்மையாகப் பிறந்ததை எண்ணுவோர் சிலரே.

சிற்பி ராம் சுதாரின் வடிவத்தில் 3 அடி, 18 அடி, 30 அடி என மூன்று மாதிரிகள் செய்யப்பெற்றன. ஒன்று போதாதோ என்று அன்பர்கள் வினவலாம். சிறு கணக்கே விடை கூறும். மூன்றடி மாதிரியை முழுச் சிலையாக்க ஏறத்தாழ 200 மடங்கு பெருக்க வேண்டும். அதில் தச்சர் கூறும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினால் சிலையில் அது இரண்டடிக்கு மேற்பட்ட கோணலாகும். முப்பதடி மாதிரிக்கோ பெருக்கம் 20 மடங்கே. அதே பிசகு இரண்டரை அங்குலத்தோடு நின்றுவிடும். ஆதலின் முப்பதடி உருவம் ஒப்புதல் பெற்ற பின்னரே அதைக் கணிப்பொறி வாயிலாக அளந்தெடுத்து, அவ்வளவுகளின்படி சீன நாட்டு வார்ப்பாலையில் வெண்கலத் தகடுகளை வார்த்தனர்.

எனினும் மாதிரி தோற்றத்தைக் காட்டுமேயன்றி வலிமையைக் காட்டாது. உயரம் இருமடங்கானால் பாதத்தின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். மேசைமீது தானே நிற்கும் பொம்மை, மலையளவு வளர்ந்தால் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாது. அதிலும் படேல் வேட்டி உடுத்துச் செருப்பணிந்தவர். எனவே சிலை மேலே பருத்தும் அடியில் மெலிந்தும் அமைந்தது. கால்களைப் பருக்க வைத்திருந்தால் பொறியாளர் வேலை எளிதாயிருக்கும். மக்கள் அறிந்த படேல்தான் மறைந்திருப்பார். அவர்களோ தோற்றத்தைக் குலைக்காமல், உள்ளே காங்கிரீட் தூண்களை எழுப்பி, காற்றில் எழும் ஆட்டத்தை அடக்க 250 டன் எடையுள்ள இரு எதிர்ப்பாரங்களையும் அமைத்தனர். 2018 அக்டோபர் 31 அன்று சிலை திறக்கப்பெற்றது.

அவ்வூருக்கு 2021 ஜனவரியில் ரயில் வந்தது. அன்று தொடங்கிய வண்டிகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்து புறப்படுவது. நிலையத்தின் பெயர் இப்போது ஏக்தா நகர். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் குழந்தைகளையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். அண்ணாந்து முகத்தைப் பார்க்குமுன் அந்தப் பாதங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிற்பியின் கண்ணும் பொறியாளரின் கணக்கும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் இணங்கிய இடம் அதுவே.