பெருங்கூட்டத்திற் பெறத்தக்கது

திருவிழாவிற்குச் செல்வாருள் தேரைக் கண்டு களித்து மீள்வாரும் உளர். வீட்டிற்கு வேண்டிய பண்டம் இன்னதென்று எண்ணிச் சென்று, அதனை வாங்கி வருவாரும் உளர். இவ்விரு திறத்தாரையும் இக்காலத்துத் தொழில் மகாநாடுகளிலும் காணலாம். நம் கல்லூரி மாணவருட் பலர் படிப்பு முடிந்தபின் மென்பொருள் சார்ந்த உத்தியோகங்களில் அமர்கின்றனராதலின், அவர்கள் என்றேனும் ஒரு நாள் அத்தகைய மகாநாடொன்றிற்கு அனுப்பப்படுதல் கூடும். அங்ஙனம் செல்வார்க்குப் பயன்படுமென்று கருதி, 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் யாம் சென்று வந்த ஒன்றைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

அஃது அமெரிக்க தேசத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில், சேல்ஸ்போர்ஸ் என்னும் கம்பெனியார் நடத்தும் ட்ரீம்போர்ஸ் மகாநாடு. 1999-ல் தோன்றிய அக்கம்பெனி, வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளை இணையத்தின் வழியே சந்தா முறையில் அளித்துப் பெயர் பெற்றது. 2003-ல் முதன்முறை ஒரு ஹோட்டலிற் கூடியபோது வந்தவர் ஏறக்குறைய 1,300 பேர். 2023-ல் வந்தவர் தொகையோ 40,000-ஐக் கடந்தது. 2015-ல் நகரத்து விடுதிகள் போதாமையால், ஒரு பிரயாணக் கப்பலையே துறையில் நிறுத்தி, வந்தோரை அதில் தங்கச் செய்தனரென்றால் கூட்டத்தின் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம்.

கூட்டம் நிகழும் மாஸ்கோனி மண்டபம் 1981-ல் திறக்கப்பெற்றது. அதன் வடபகுதியும் தென்பகுதியும் ஹவர்டு வீதியின் இருபுறத்தும் நின்று, நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. மேற்பகுதியோ வீதியைக் கடந்து சென்றடைய வேண்டிய தனிக் கட்டடம். அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிரசங்கங்களையும் கேட்டுவிடலாமென்று எண்ணுவோர், இரண்டாவது பிரசங்கத்தின் வாயிலில் வரிசையிலேயே நிற்க நேரும். ஆதலின் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பிரசங்கங்களே போதுமென்று வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. பிரசங்கங்கள் பல பின்னர் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. 2021 முதல் அதற்கென ஒரு தனி ஒளிபரப்பும் உண்டு. வீட்டிலிருந்தே கேட்கத்தக்கதைக் கேட்கக் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை.

நிற்க, யாம் சென்ற காரணத்தைச் சொல்லுவோம். எமது அலுவலகத்தில் வாடிக்கையாளர் குறைகளுக்கு மறுமொழி எழுதுவோர் பதினொருவர். அம்மறுமொழிகளைத் தானே எழுதித்தரும் கருவியொன்றை வாங்கலாமா என ஆராய்ந்து வருமாறு மேலதிகாரியார் எம்மைப் பணித்தார். புறப்படுமுன் அப்பதினொருவரிடமும் ஆளுக்கொரு வினா எழுதித் தரும்படி வேண்டினோம். பத்து வினாக்கள் கருவியின் திறத்தைப் பற்றியன. எல்லாரினும் மூத்தவராகிய அம்மையார் ஒருவர் எழுதியது இது: 'தம்பி, அந்தக் கருவி எங்கள் வேலையைக் குறைக்குமா, எங்களையே குறைக்குமா?' அத்துண்டுக் காகிதம் எம் சட்டைப்பையில் இருந்தமையால், அம்மூன்று நாட்களும் எமக்கு வேடிக்கை பார்க்க மனம் எழவில்லை.

முதல் நாள் தலைமைப் பேருரையில் ஐன்ஸ்டைன் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவுத் துணையைக் காட்டினர். கரவொலி மண்டபத்தை நிறைத்தது. ஆயினும் அத்தகைய உரைகளின் தொடக்கத்தில், இன்று கிடைக்கின்ற அம்சங்களைக் கொண்டே வாங்குவதைத் தீர்மானிக்கவேண்டுமென்னும் கருத்துடைய அறிவிப்பொன்றை அக்கம்பெனியாரே திரையிற் காட்டுவது வழக்கம். பலர் அதனைச் சட்டச் சடங்கென்று எண்ணி நோக்காது விடுகின்றனர். எமக்கோ மகாநாட்டிற் கண்டவற்றுள் மிகப் பயனுள்ள வாசகம் அதுவே. அன்று காட்டப்பெற்ற துணை அப்போது சோதனை நிலையில் இருந்தது. 2024-லேதான் பொதுப் பயனுக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த மகாநாட்டிலோ முதன்மை இடத்தை ஏஜென்ட்போர்ஸ் என்னும் வேறொரு பெயர் பெற்றுவிட்டது. ஆகவே மேடையிற் காணும் எதற்கும், 'இஃது இன்று கிடைக்குமா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் நாள் கண்காட்சிக் கூடத்திற் கழிந்தது. அங்கே கடைதோறும் நம் அடையாள அட்டையைக் கருவியாற் பதிவு செய்துகொள்ள விரும்புவர். பதிவு பெற்ற ஒவ்வொரு கடையினின்றும் பல மாதம் மின்னஞ்சல் வருமென்பதை அறிந்து, வேண்டியவிடத்தே மட்டும் அட்டையை நீட்டுக. விற்பனையாளரிடம், 'இதனால் என்ன செய்யலாம்?' என்று கேட்பதினும், அருகில் நிற்கும் பொறியாளரிடம், 'இதனால் ஆகாதது யாது?' என்று வினவுதல் நன்று. ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் கருவி என் செய்யுமென்று யாம் ஒருவரைக் கேட்டோம். அவர் நகைத்து, 'முதலில் உங்கள் பதிவேடுகளைத் திருத்துங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்' என்றார். கடைக்காரர் வாயினின்று வந்த அந்நேர்மையான சொல்லை யாம் போற்றினோம்.

மூன்றாம் நாள் உணவு மேசையில், வேறொரு நாட்டுக் கம்பெனியில் எம்மைப் போன்ற பகுதியை மேற்பார்க்கும் மாது ஒருவர் அருகில் அமர்ந்தார். அவர்கள் இவ்வகைக் கருவியொன்றை முன்னரே சோதித்தவர்கள். 'எழுதி வைத்த விடைகளைத்தான் அது நன்றாகச் சொல்லுகிறது. எங்கள் நல்ல விடைகளெல்லாம் பழைய ஊழியர்களின் தலைக்குள் இருந்தன. அவர்களை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு வருந்தினோம்' என்றார். அவர் சொல்லிய அம்மூன்று வாக்கியங்கள் எந்த மேடையிலும் ஏறவில்லை.

மீண்டு வந்து எழுதிய அறிக்கையில், அவ்வாண்டு கருவி வேண்டாமென்றும், பதிவேடுகளைத் திருத்தி, அனுபவமுள்ளோரைக் கொண்டு விடைகளை எழுதுவித்தலே முதற் பணியென்றும் கூறினோம். அப்பணிக்கு அவ்வம்மையாரே தலைவியானார். அவருடைய வினாவிற்கு, 'குறைக்கவும் கூடும்' என்றே விடை எழுதினோம். இனிய பொய்யைக் கொண்டுவர எம்மை அவர் அனுப்பவில்லை. 2025-ல் கருவி வந்தது. பதினொருவருள் இருவர் வேறு பகுதிக்கு மாற்றப்பெற்றனர், எவரும் நீக்கப்படவில்லை.

மாணவ நண்பர்களே, இத்தகைய மகாநாட்டிற்கு நுழைவுக் கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேற்பட்டது. ஒருவர் செல்லுதற்குப் பலர் அலுவலகத்திலேயே தங்கி அவர் பங்கையும் சேர்த்து உழைக்கின்றனர். ஆதலின் செல்லுமுன் அவர்களுடைய வினாக்களைப் பெற்றுக்கொள்ளுங்கள்; அங்கே மேடையினும் மேசையை நாடுங்கள்; திரும்பிய வாரத்திற்குள்ளேயே, கண்டதையும் கேட்டதையும் அவர்கள்முன் மறையாது வையுங்கள். அவ்வளவும் செய்தாலன்றிப் போய்வந்த பயன் முற்றுப்பெறாது.