'லெஃப்ட்' என்றால் என்ன?



ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்கள் இருக்கக்கூடும் என்று கேட்டால், பலரும் இரண்டு, மூன்று என்பர். ஆக்சுபோர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு ஏறத்தாழ 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. பின்னர் 'ரன்' என்னும் சொல் அதனை முந்திவிட்டது. அவ்வகராதியின் திருத்தப்பணியில் அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களை வகுத்துள்ளதாக 2011-இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லோடு ஓர் அகராதியியலாளர் ஒன்பது மாதங்களுக்கு மேல் போராடினாராம்.

நான் எழுத வந்தது அவ்வளவு பெரிய சொல்லைப் பற்றியன்று. 'லெஃப்ட்' என்னும் சிறிய சொல்லைப் பற்றி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

2004-ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டமொன்றை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் பணியேற்றிருந்தேன். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அதற்கு முந்திய ஆண்டில்தான் முதலாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கியிருந்தது. வீட்டில் தமிழ், அண்டை அயலில் தமிழும் மலாயும் என வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் கழித்தலை ஆங்கிலத்தில் கற்பித்தேன். புதிய ஆசிரியை அல்லவா? சொன்னதைச் சொன்னபடியே செய்தேன்.

அவ்வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். அமைதியானவன். கூட்டல் கணக்கு என்றால் முதலில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். கழித்தல் வந்தவுடன் அவன் ஏடு முழுவதும் சிவப்பு மைதான். கிளையில் ஏழு பறவைகள் இருக்கும். அவற்றுள் மூன்று பறந்து செல்லும். 'ஹவ் மெனி பேர்ட்ஸ் ஆர் லெஃப்ட்?' என்பது வினா. அவன் 3 என்று எழுதியிருப்பான். நான் தவறு என்று குறியிடுவேன். சில வேளைகளில் அவன் விடை சரியாகவும் அமைந்துவிடும். அப்பொழுது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினானோ என்று ஐயுற்றேன். அந்த ஐயத்தை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுக் கேட்கவும் செய்தேன். அவன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அரையாண்டுத் தேர்வில் அவன் கணிதப் புள்ளி 28. தேர்ச்சி அறிக்கையில் 'கணிதத்தில் மிகவும் பின்தங்கியுள்ளார். குறைநீக்கல் வகுப்பு தேவை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அறிக்கையை வாங்க அவன் தாயார் வந்திருந்தார். காலையில் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு நேராக வந்தவர். அறிக்கையை நெடுநேரம் பார்த்தபின் என்னிடம் கேட்டார்.

"கடைக்கு அனுப்புனா பாக்கிக் காச சரியா எண்ணி வாங்கிட்டு வர்றான் டீச்சர். பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் இப்படிப் பண்றான்?"

"வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனியுங்கள் அம்மா" என்றேன்.

கடையில் பாக்கியைச் சரியாக எண்ணி வாங்கும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இருக்க முடியுமா? அந்தத் தாய் தம் மகனுக்குரிய சான்றினை என் மேசைமேல் வைத்தார். நான் அதனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாள் அவன் காலில் பிரம்புத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து, ஒருநாள் பள்ளி முடிந்தபின் அவனைப் பக்கத்தில் அமர்த்தி, "எப்படிச் செய்கிறாய், எனக்குக் காட்டு" என்றேன். அவன் தன் இடக்கையை உயர்த்திப் பார்த்தான். பிறகு படத்தின் இடப்பக்கத்தில் விரலை வைத்து அங்கிருந்த பறவைகளை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று.

"டீச்சர், இந்தப் பக்கம்தான லெஃப்ட்டு?"

ஆங்கிலப் பாடத்தில் ஆண்டின் தொடக்கத்திலேயே வலக்கை, இடக்கை கற்பித்திருந்தனர். 'லெஃப்ட்' என்றால் இடப்பக்கம் என்று அவன் செவ்வனே கற்றிருந்தான். படமில்லாத கணக்குகளில் இடப்பக்கம் முதலில் நிற்கும் எண்ணை எழுதியிருந்தான். ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் சிவப்பு மையிட்ட ஒவ்வொரு விடையும் அவன் புரிந்துகொண்ட வினாவுக்குச் சரியான விடையாகவே இருந்தது.

"மீதி எத்தனை?" என்று தமிழில் கேட்டேன். நான்கு என்றான், பறவைகளைப் பார்க்காமலேயே.

அதன்பிறகுதான் அச்சொல்லைத் துருவத் தொடங்கினேன். திசையைக் குறிக்கும் 'லெஃப்ட்' வேறு, மீதத்தைக் குறிக்கும் 'லெஃப்ட்' வேறு. முன்னது, வலுவற்றது என்று பொருள்பட்ட பழைய சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பர். நம் மொழியில் 'வலம்' என்பதற்கு வலிமை என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பின்னது, 'விட்டுச்செல்' என்று பொருள்படும் 'லீவ்' என்னும் வினையின் இறந்தகால வடிவம். மீந்திருப்பதும் அதுவே, புறப்பட்டுப் போனதும் அதுவே. பேருந்து போய்விட்டது என்பதற்கும் 'லெஃப்ட்', இரண்டு வெள்ளி கையில் எஞ்சியது என்பதற்கும் 'லெஃப்ட்'! புலனக் குழுவிலிருந்து ஒருவர் விலகினால் திரையில் தோன்றுவதும் இதே சொல்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் எடுக்கும் விடுப்பாகிய 'லீவ்' மேற்சொன்ன வினையோடு வேரால் உறவில்லாதது. அது 'இசைவு' என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல். தமிழிலோ விடு, விடுப்பு, விடுமுறை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழில் மட்டும் குழப்பம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே உண்டு. 'கூட்டு' என்றால் எண்களையும் கூட்டலாம், துடைப்பத்தால் வகுப்பையும் கூட்டலாம். 'பெருக்கு' என்பதும் அப்படியே. உணவு மேசைக்குப் போனால் கூட்டு ஒரு கறி. கரும்பலகையைக் காட்டிக் "கூட்டுங்கள்" என்றால் ஒரு குறும்பன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நிற்பான், வகுப்பே சிரிக்கும். ஆனால் அவன் தெரிந்தே செய்கிறான். அவனுக்கு இரண்டு பொருளும் கைவசம் உண்டு. வேற்றுமொழியில் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் வைத்திருக்கும் பிள்ளையால் அப்படிக் குறும்பு செய்ய இயலாது. இருக்கும் ஒன்றைத்தான் இறுகப் பற்றிக்கொள்வான்.

அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிப்பு வந்தது. அதனைப் பற்றி இருபக்கமும் நிறைய வாதிட்டாயிற்று. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அறியாமலேயே ஆறு மாதங்கள் கற்பித்தேனே, அது என் பிழை.

அவன் அடுத்த தேர்வில் 80-க்கு மேல் பெற்றான். அறிக்கை வாங்க வந்த தாயார் முகமெல்லாம் மலர்ந்து, "நீங்க சொன்ன மாதிரியே வீட்டுல கவனிச்சேன் டீச்சர்" என்று கைகூப்பினார். நடந்ததை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "நன்றாகச் செய்திருக்கிறான் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆண்டு இறுதியில் அவர்கள் தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவனுக்கு இப்பொழுது இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

இவ்வாண்டும் எனக்கு முதலாம் ஆண்டுதான். மாணவன் ஒரே வகைத் தவற்றை மூன்று முறை செய்தால், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அவனைப் பக்கத்தில் அழைத்து, "எப்படிச் செய்தாய், காட்டு" என்கிறேன். இதனால் பயிற்சி ஏடுகள் திருத்தி முடிய நேரமாகிறது. தலைமையாசிரியர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.