ஒரு கொசு, ஏழு லட்சம் நட்சத்திரங்கள்

பேகம்பேட் என்றால் ஹைதராபாத்வாசிகளுக்குப் பழைய விமான நிலையம், மேம்பாலம், நகராத டிராஃபிக். இங்கே வந்து குடியேறிய என்னைப் போன்ற தமிழர்களுக்கும் அவ்வளவுதான். ஊரிலிருந்து வரும் உறவினர்களைச் சார்மினார், கோல்கொண்டா என்று அலைக்கழித்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றிவிடுவோம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி எங்கே என்று கேட்டால் தார்நாக்கா பக்கம் கை காட்டுவோம். ஆனால் அந்தப் பெரிய வளாகத்தை விட்டுத் தள்ளி, பேகம்பேட்டில், அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் கொசுவை அறுத்தார்கள், இன்னொன்றில் நட்சத்திரங்களை அளந்தார்கள்.

முதல் இடம் கொஞ்சம் பிரபலம். ரொனால்ட் ராஸ் 1897இல் 19ஆவது மதராஸ் காலாட்படையின் மருத்துவராகச் செகந்திராபாத்தில் இருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் எங்கே போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மின்விசிறி இல்லாத காலம். பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. மிஞ்சியிருந்த ஒரே கண்வில்லையும் விரிசல் விட்டிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று, நான்கு நாட்களுக்கு முன் மலேரியா நோயாளியின் ரத்தம் குடித்திருந்த ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் அவர் தேடியது கிடைத்தது. 1902இல் நோபல் பரிசு. அந்தக் கட்டிடம் இப்போது ராஸ் பெயரிலேயே ஒட்டுண்ணியியல் நிலையமாக உஸ்மானியாவின் கையில் இருக்கிறது.

கொசுவுக்கு ரத்தம் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. ராஸ் இந்தப் பெயரை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. வலையைச் சுற்றிக் கட்டி, கொசுவை உள்ளே விட்டு, காய்ச்சலோடு படுத்துக் கிடக்கும் ஒரு மனிதர் இல்லாமல் அந்த ஆராய்ச்சியே இல்லை. நோபல் பட்டியலில் அணாவுக்கு ஏது இடம்!

இரண்டாவது இடம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. நிஜாமியா வானாய்வகம். நவாப் ஜஃபர் ஜங் என்ற பிரபு ஆசைப்பட்டு 15 அங்குலத் தொலைநோக்கி வாங்கி 1901இல் தொடங்கியது. அவர் இறந்தபின் 1908இல் நிஜாம் அரசு எடுத்துக்கொண்டு பேகம்பேட்டுக்குக் கொண்டுவந்தது. பிறகு உஸ்மானியாவிடம் வந்தது. வானம் முழுவதையும் புகைப்படம் எடுத்துப் பட்டியலிடும் ஒரு சர்வதேசத் திட்டம் 1887இல் பாரிஸில் முடிவாகியிருந்தது. பங்கேற்ற ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் வானத்தில் ஒரு பங்கு. சிலியின் சாந்தியாகோவால் முடிக்க முடியாத பங்கு ஹைதராபாத்துக்கு வந்தது. அதை முடித்துவிட்டு, ஜெர்மனியின் போட்ஸ்டாம் பாதியில் விட்ட பங்கையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் விட்ட வேலையைச் சேர்த்துச் செய்த அந்த ஊழியர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

வேலை எப்படிப்பட்டது தெரியுமா? கண்ணாடித் தகட்டில் வானத்தின் ஒரு சிறு சதுரம். அதன்மேல் 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள். நெகட்டிவ் என்பதால் நட்சத்திரம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நுண்ணோக்கியில் குனிந்து, அது எந்தக் கட்டத்தில், கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு திசையிலும் அளந்து எழுத வேண்டும். அடுத்த புள்ளி. அதற்கடுத்த புள்ளி. இப்படி ஏழு லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்கள். ஒன்றுக்கு இரண்டு எண் என்று வைத்தாலே பதினான்கு லட்சம் எண்கள், கால்குலேட்டர் இல்லாத காலத்தில். போகாக், பாஸ்கரன் போன்ற இயக்குநர்களின் பெயர் தொகுதிகளில் இருக்கிறது. குனிந்து அளந்த கண்களுக்கு உரியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாட்டிகனில் இதே வேலையைக் கன்னியாஸ்திரீகள் செய்தார்கள். அவர்களைப் பற்றியாவது அண்மையில் நாலு பேர் எழுதினார்கள்.

இந்த உழைப்பு வீண்போகவில்லை. 2000இல் வெளியான டைக்கோ-2 பட்டியல், ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்ததைப் பழைய தகட்டு அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிட்டது. பழைய அளவு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்குக் கணக்கு துல்லியம். இன்றைய கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்தால் பப்ளிகேஷன், ஸ்கோபஸ், புரமோஷன் என்றுதான் காதில் விழுகிறது. எண்பது வருடம் கழித்துப் பலன் தரும் வேலைக்கு எந்தக் குழு மதிப்பெண் போடும்?

நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் கண்ணூர்ப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பாப்பு. அவர் மகன் சென்னையில் 1927இல் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தான். அப்பா வேலை செய்யும் இடத்திலேயே தொலைநோக்கி இருந்ததால் கல்லூரி மாணவனாக இருக்கும்போதே மாறொளி விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினான். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போய், 1949இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானான். அவர்தான் வேணு பாப்பு. பின்னாளில் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்து, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் பிடித்துத் தொலைநோக்கிகளை நிறுத்தியவர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர். வாணியம்பாடிக்காரர்கள் பெருமைப்படும் அந்த மலைக்கு விதை விழுந்தது பேகம்பேட்டில். ஊழியர் குடும்பமும் ஆய்வும் ஒரே காம்பவுண்டுக்குள் கலந்திருந்தால்தான் இது நடக்கும். இப்போது எந்த ஆய்வகத்தில் ஊழியர் மகனை வாட்ச்மேன் உள்ளே விடுகிறார்?

நகர வெளிச்சத்தால் உஸ்மானியா தன் 48 அங்குலத் தொலைநோக்கியை 1960களில் ஊருக்கு வெளியே ஜபல்-ரங்காபூரில் நிறுவியது. 1980 பிப்ரவரி 16 முழுச் சூரிய கிரகணத்தை அங்கிருந்து பார்த்தார்கள். பேகம்பேட் வளாகத்தில் இப்போது வானம் பார்ப்பதில்லை. பொருளாதார, சமூக ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. அதன் முகவரியில் மட்டும் 'நிஜாமியா வானாய்வக வளாகம்' என்பது இன்னும் நிற்கிறது.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் வரலாற்று மாணவர்களுக்கு ஒரு யோசனை. நிஜாம் அரசின் சம்பளப் பதிவேடுகளிலும் வானாய்வகத்தின் பழைய கோப்புகளிலும் தகடுகளை அளந்தவர்களைத் தேடிப் பாருங்கள். ஹுசேன் கானுக்குக் கிடைத்த ஒரு வரியாவது அவர்களுக்கும் கிடைக்கட்டும்.