நகம் வளர்த்தவர்கள்

திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் நகம் பார்ப்பது எங்கள் பாடசாலையில் என் பொறுப்பு. பையன்களின் நகத்துக்குள் வயற்சேறு இருக்கும். பெண்பிள்ளைகளின் விரல்களில் மருதோன்றி. அழுக்கடைந்த நகத்துக்குள் வுழுவின் தண்ணீர் சேராது என்பதும், நகத்தை நாற்பது நாளைத் தாண்டி வளரவிடலாகாது என்பதும் குர்ஆன் மத்ரஸாவிலேயே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். எனவே எனக்குப் பெரிதாக வேலையில்லை. ஆசைக்கு வளர்க்கும் ஓரிருவர் மட்டும் கையைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அவர்களைத் தண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை.

புனே நகரத்து ஸ்ரீதர் சில்லால் பற்றி வாசித்த பிறகு ஏசவும் தயக்கமாகிவிட்டது. 1952இல் பதினான்கு வயதுச் சிறுவன் அவர். விளையாட்டில் தன் ஆசிரியரின் நீண்ட நகமொன்றைத் தவறுதலாக முறித்துவிட, அதை வளர்க்கும் அக்கறை உனக்கு எங்கே விளங்கப்போகிறது என்று ஆசிரியர் ஏசியிருக்கிறார். அன்றிலிருந்து இடது கை நகங்களை அவர் வெட்டவில்லை. வலது கையால் படம்பிடித்துப் புகைப்படக்காரராகப் பிழைத்தார். இரவில் அரை மணிக்கொரு தடவை விழித்து அந்தக் கையை இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்ததாம். 2018இல் நியூயோர்க்கில் மின்கருவியால் வெட்டியபோது ஐந்து நகங்களும் சேர்ந்து 909.6 சென்ரிமீற்றர். விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டிருந்தன. ஆசிரியர் ஒருவரின் வாயிலிருந்து விழுந்த சொல்லுக்கு 66 வருட ஆயுள்! கலாசாலையில் எங்களுக்கு உளவியல் படிப்பித்தார்கள், இதைப் படிப்பிக்கவில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸைச் சேர்ந்த டயானா ஆம்ஸ்ட்ரோங்கின் கதை வேறு. வார இறுதிகளில் அவருடைய நகங்களை அராவிக் கியூட்டெக்ஸ் பூசிவிடுவது பதினாறு வயது மகள்தான். 1997இல் அந்தப் பிள்ளை ஆஸ்துமாவினால் தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தாய் நகம் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி மற்றப் பிள்ளைகள் நச்சரித்தபோதும் பல வருடங்களாகக் காரணத்தைச் சொல்லவில்லையாம். 2022இல் பத்து நகங்களின் மொத்த நீளம் 13 மீற்றரைத் தாண்டி உலக சாதனையாகப் பதிவானது. அன்றாட வாழ்க்கைதான் பெரும்பாடு. கார் ஓட்ட முடியாது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க முடியாது. ஒரு நகத்தைச் சீராக்க நான்கைந்து மணித்தியாலங்கள். அதற்கும் மரவேலைக் கருவிதான். பூச்சுப் போத்தல்கள் பதினைந்து, இருபது முடிந்துவிடும். பூசிவிடுவது பேரப்பிள்ளைகள்.

நகம் அடியிலிருந்துதான் வளர்கிறது, மாதம் சுமார் மூன்று மில்லிமீற்றர். அப்படியானால், நுனி முறியாதிருந்தால், மகளின் கை பட்ட பகுதி இப்போது விரலிலிருந்து ஒரு மீற்றருக்கும் அப்பால் இருக்கும்.

இதை நம் மார்க்க அளவுகோலால் அளந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். எனக்கு நா எழவில்லை.

என் உம்மாவுக்குக் கை நடுக்கம். இரண்டு வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில் நான்தான் நகம் வெட்டிவிடுகிறேன். பெருவிரல் நகம் தடித்துப்போனதால் வெந்நீரில் ஊறவைக்காமல் நகவெட்டி இறங்காது. "சின்னனில உன்ட நகத்தக் கடிச்சுத்தான் மகன் எடுத்த நான், பிளேட்டுக்குப் பயம்" என்பா. வெட்டிய துண்டுகளைத் தாளொன்றில் பொத்தி, மாமரத்தடியில் புதைக்கச் சொல்வா. சரியாகப் புதைக்கிறேனா என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பா.