பெட்டி அடித்த கை

வட்டகொடையில் மரம் நன்றாகக் காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு. கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயில், தலவாக்கலையை விட்டு நானுஓயா நோக்கி ஏறும் வழியில் இருக்கிறது இந்த ஊர். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. லயத்துக் கதவுகள் ஊதி, நிலையோடு இறுகிப் போகும். கதவுக்கே இந்தக் கதி என்றால், ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள மேசைப்பந்து மட்டை எப்படித் தாங்கும்? பாடசாலை ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் மடக்கொம்பரைப் பக்கம், பிள்ளைகளின் மட்டைகளைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு தச்சரைத் தேடிப் போனேன். எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த தோட்டம் அது.

தச்சரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுகிறார்கள். இளவயதில் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்தவர். இன்று தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது. அன்று ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கொழும்புக்கு இறங்கியது. பலகை வெளிநாட்டிலிருந்து வரும். காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையிலிருந்தும் வரும். மூலைக்குச் சட்டம், விளிம்புக்குத் தகரப்பட்டி, உள்ளே மினுங்கும் உலோகத்தாள். சாக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. பலகையைப் பற்றிய அறிவு போகவில்லை.

மரத்தை மெல்லிய தோலாகச் சீவி, ஒன்றின் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் வருமாறு வைத்து ஒட்டினால் ஒட்டுப்பலகை. மேசைப்பந்து மட்டையும் அதே முறையில் செய்ததுதான். ஐந்தோ ஏழோ தோல்கள்; பல மட்டைகளில் ஆபிரிக்காவிலிருந்து வரும் அயூஸ், லிம்பா, கோட்டோ மரங்கள். எவ்வளவு விலையுயர்ந்த மட்டையானாலும் தடிப்பில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கார்பன் இழை சேர்க்கலாம். ஒரு படை 0.35 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஆக, உலகச் சாம்பியன் கையில் இருப்பதும் பெரும்பாலும் மரமே. மரத்துக்கு உள்ள நோய் எல்லாம் அதற்கும் உண்டு.

அந்த நோய் 2008க்குப் பிறகு கூடியது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல், மட்டையின் மரத்தில் றப்பரை ஒட்டும், ஆவியாகும் கரைப்பான் கலந்த பசைகளைச் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் தடை செய்தது. மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு, சரியான முடிவுதான். பதிலுக்கு வந்தது நீர் கலந்த, றப்பர் பாலில் செய்த பசை. அதன் ஈரம் மரநாரை எழுப்பிவிடுகிறது. காய்ந்த பிறகு பசை அந்த நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தேய்ந்த றப்பரை மாற்ற உரித்தால் மரத்தோலும் சேர்ந்து வருகிறது. மேல்தோல் அரை மில்லிமீற்றர் அளவுதான். அது நாலு இடத்தில் பெயர்ந்துவிட்டால் பந்து ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு மாதிரிப் போகும். இங்கே ஒரு மட்டையை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்து ஆடுகிறார்கள். கெட்டால் இன்னொன்று வராது.

நான் போனபோது பாஸின் மேசையில் ஒரு மட்டை றப்பரோடு கிடந்தது. பிடிக்குப் பக்கத்து மூலையிலிருந்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே மெதுவாக உரித்தார். ஓரத்தில் சிலாம்பு ஒன்று எழுந்தது. ஊசிமுனையில் வெள்ளைப் பசையைத் தொட்டு அதன் அடியில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார். “இத அப்பிடியே விட்டு மேல பூசினா உள்ள காத்து நிக்கும் தம்பி. பிறகு அந்த இடம் செத்த இடம்.”

பழைய பசையை விரலாலேயே உருட்டி எடுத்தார். நானூறாம் நம்பர் சாண்ட் பேப்பரால் ரேகையோடு நாலு தடவைதான் தடவினார். குறுக்கே ஒரு தடவைகூட இல்லை. பிடியில் டேப் சுற்றினார். பிடியைப் பூசக்கூடாதாம், கை வியர்வையை வெறும் மரம்தான் உறிஞ்சும்.

பிறகு, பசையின் ஈரம் மரநாரில் இறங்காதிருக்க வார்னிஷ். பிரஷைத் தொடவே இல்லை. பழைய பருத்தித் துணியில் சில சொட்டு விட்டு, பலகை முழுக்க ஒரே ஓட்டமாகத் தேய்த்தார். காயுமுன் வேறொரு துணியால் துடைத்தும் எடுத்துவிட்டார். பூசியதையே துடைக்கிறாரே என்று நான் பார்த்தேன். “ஊத்துறது கதவுக்கு. இதுக்குத் தேய்ச்சு ஏத்தணும். மேல நிக்கிறது நமக்கு வேண்டாம், உள்ள இறங்கினது போதும்.”

இந்த இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள் என்பது என் முடிவு. பளபளப்பு வேண்டுமென்று இரண்டு மூன்று கை தடிப்பாகப் பூசினால் மேல்தோல் விறைத்துப்போகும். பந்து மட்டையில் பட்டதைக் கை உணராது. பசையும் சரியாகப் பிடிக்காது. 85, 90 கிராம் உள்ள மட்டையில் நல்ல பூச்சு ஒரு கிராம்கூட ஏற்றாது.

இரண்டு முகத்தையும் ஒரே நாளில் பூசுகிறார். ஒரு முகம் அடைபட்டு மறுமுகம் திறந்திருந்தால், ஈரம் ஒரு பக்கமாய் ஏறி மட்டை வளையும். விளிம்பில் மட்டும் இரண்டாம் தடவை, ஏனென்றால் வெட்டுமுகம் அதிகம் குடிக்கும். தளபாடக்காரர் அடிக்கும் லேக்கரை மழைக்காலத்தில் அவர் திறப்பதே இல்லை. தின்னர் வேகமாய்ப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, மூடுபனியின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெளுத்துப்போகிறது. சமவெளித் தச்சருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது.

பூசிய மட்டையைப் பிடியில் நூல் கட்டி, அடுப்புச் சூடு படாத மூலையில் தொங்கவிடுகிறார். வெயில் நாளில் ஒரு பகலும் இரவும், மழையில் அதைப்போல இரண்டு மடங்கு. சூட்டில் வாட்டினால் தோல்களுக்கு நடுவே உள்ள பசை விட்டுப்போகும் என்று பெட்டிப்பலகை காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். முன்பே காய்ந்த ஒரு மட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். பரவவில்லை, அப்படியே நின்றது.

விதியும் இதற்குத் தடையில்லை. றப்பரில் மருந்து தடவி அதன் குணத்தை மாற்றுவதைத்தான் விதி தடுக்கிறது. மரத்தைக் காப்பதை அல்ல.

மலையகப் பாடசாலைகளுக்கு விளையாட்டுப் பொருள் அனுப்பும் நல்ல மனமுள்ளவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். மட்டையோடு ஒரு போத்தல் நீர்ப்பசையும் ஒரு சிறிய டின் வார்னிஷும் சேர்த்து அனுப்புங்கள். நீர்ப்பசை கிடைக்காமல்தான் பிள்ளைகள் சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூஷனை எடுக்கிறார்கள். அதோடு போட்டிக்குப் போக முடியாது, அந்த ஆவியும் அவர்கள் நெஞ்சுக்கு ஆகாது. கூடவே தச்சரின் கூலியையும் கணக்கில் வையுங்கள். பாஸ் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை.