ஊன்றுகோலும் திருவருளே

உயிர்கள் தாம் ஈட்டிய வினையின் பயனை உடம்பின்கண் நின்று நுகர்தல் ஒருதலை. அந்நுகர்ச்சியுள் நோயும் ஒன்று. நோய் வந்துழி மருந்துண்டல் அன்பின் உறைப்புக்குக் குறைவாமோ என்னும் ஐயம் அன்பர் பலர்க்கு நிகழ்வதுண்டு.

சங்கரன்கோயிலை அடுத்த குருவிகுளத்தில் முதிய சிவபூசையாளர் ஒருவர் உளர். அவர்க்கு விலாப்புறத்தே அக்கி எழுந்து ஆறிற்று, நோவோ ஆறவில்லை. மேலாடை படினும் தீப்பட்டாற்போல எரியும். இளமையிற் சின்னம்மையாய் வந்த கிருமி நரம்பின் வேரில் ஒடுங்கிக் கிடந்து முதுமையில் மீண்டெழுவதே அக்கி. அதனாற் சிதைந்த நரம்பு, புண் ஆறிய பின்னும் மூளைக்கு நோவினை அறிவித்தவண்ணமே இருக்கும்.

மருத்துவர் கபாபென்டின் என்னும் மருந்தைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார். அமெரிக்க நாட்டில் 1993-இல் வலிப்பு நோய்க்கென ஒப்புதல் பெற்ற அம்மருந்து, 2002-இல் அக்கிக்குப் பின் நிற்கும் நோவுக்கும் ஒப்புதல் எய்தியது. அது நரம்பின் மிகைக் கிளர்ச்சியைத் தணிக்குமேயன்றிச் சிதைந்த நரம்பைப் புதுக்காது. நோவு தணிந்தது, ஆயினும் தலை சுழன்றது, பூசைக்கண் மந்திரம் இடையிடையே மறந்தது. பெரியவர் நெஞ்சு நைந்தார்.

அதுகண்ட அன்பர் ஒருவர், "ஐயா, சங்கரன்கோயிற் புற்றுமண் இருக்க இம்மாத்திரை எதற்கு? நாவுக்கரசர் சூலை திருநீற்றாலன்றோ தீர்ந்தது?" என்றார். பெரியவர் அன்றே மருந்தை அடியோடு நிறுத்தினார். இவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்தல் தீங்கு என்பதை அவர் அறிந்திலர். உறக்கம் ஒழிந்தது, உடல் வியர்த்து நடுங்கியது, நோவு முன்னினும் மிக்கது. மூன்றாம் நாள் அவரால் இருக்கையில் அமரவும் இயலவில்லை. பல்லாண்டு தவறாத பூசை அன்று தவறிற்று.

இங்கே சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. நாவுக்கரசர் வரலாற்றில் சூலை, அவரை ஆட்கொள்ளுதற்கு இறைவன் விடுத்த கருவி. திருவதிகையில் அது நீங்கியது அருளின் பெருமையை உணர்த்துமேயன்றி, மருந்து தீதென்று விதித்ததாகாது. சுந்தரர் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குக. திருவொற்றியூரிற் கண்ணிழந்த அவர்க்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். ஒரு கண் காஞ்சியிலும், மற்றைக் கண் திருவாரூரிலுமே கிடைத்தன. வெண்பாக்கத்திலிருந்து காஞ்சிவரை வழிநடத்தியது அக்கோலன்றோ? கண் அளிக்க வல்லவன் கோல் அளித்தான். கோலும் அவன் அளித்ததே.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் மாயாகாரியங்கள் விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வன என்பது சித்தாந்தத் துணிபு. மருந்தும் அவ்விளக்கின் ஒரு திரி. வினைப்பயனை ஊட்டுவோன் அவனே யாயின், அதனைத் தாங்கும் துணையைக் கூட்டுவோன் பிறனாதல் யாங்ஙனம்? புள்ளிருக்குவேளூரில் அவன் வைத்தியநாதன் என்னும் பெயர் பூண்டு எழுந்தருளியிருத்தலும் கருதத்தகும்.

பெரியவர் நிகழ்ந்ததை மறையாது மருத்துவரிடம் உரைத்தார். மருத்துவர் மீண்டும் சிற்றளவிலிருந்து தொடங்கி, பெரும்பகுதியை இரவிற் கொள்ளுமாறு அமைத்தார். விடியலில் அறிவு தெளிந்திருந்தது. பூசை மீண்டும் நடைபெறுவதாயிற்று. நோவு முற்றும் நீங்கவில்லை. கண் இன்னும் வரவில்லை. கோல் கையில் உளது.

இப்பொழுது அவர் திருநீற்றோடு புற்றுமண்ணையும் நெற்றியில் அணிகின்றார். திருவைந்தெழுத்தை எண்ணி மாத்திரையையும் உட்கொள்கின்றார். இரண்டையும் வழங்கும் கை ஒன்றே என்பது அவர் துணிபு.

திருச்சிற்றம்பலம்.